இரண்டு நொடி முன்னால்

நகர மன்றத்தில் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள். மன்றக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசுவதைக் கேட்டு, கேட்ட கையோடு தட்டச்சு செய்து, சுவரில் இருந்த பெரிய திரையில் எழுத்தாக ஓடவிடுவது அவள் வேலை. காது கேளாதவர்களும் கூட்டத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கிய பிரிவு. காது கேளாதவர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு கௌரவத்துக்குத்தான். வந்தவர் ஒரே ஒருவர். சந்தைக்கு எதிரே பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிறவர். நாலு தடவை மனுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாவது மனுவோடு அவர் தலைவரின் கார்க் கதவை மறித்துக்கொண்டு நின்றதால் உண்டான பிரிவு அது.

பெரிய திரை தலைவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பார்வையாளர்களுக்குத் தெரிகிறது, தலைவருக்குத் தெரியவில்லையே என்று யாரோ விசுவாசி கவலைப்பட்டதில், அவர் மேஜையிலும் ஒரு சின்னத் திரை வைத்தார்கள். அந்த விசுவாசி நன்றாக இருக்கட்டும். நடந்த கூத்துக்கெல்லாம் அவர்தான் காரணம்.

பிரிவில் இரண்டே பேர். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் இரண்டு நாற்காலி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். எக்ஸ்பிரஸ் தவிர இருந்தவர் ஆமை அண்ணன். அலுவலகம் கொடுத்த கீபோர்டைக் கொடுத்தபடியே, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஸ்டோர்ல திருப்பிக் கேட்டா அழுக்கில்லாமக் குடுக்கணும்ல" என்பார். பேச்சு முடிந்து, பேசியவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடிக்கும்போது அவருடைய கடைசி வரி திரைக்கு வந்து சேரும்.

தொடக்கத்தில் எக்ஸ்பிரஸும் அதே லட்சணத்தில்தான் இருந்தாள். பேச்சு ஓடும், கை பின்னால் மூச்சிரைக்கும், நடுவே இரண்டு வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடிப்பாள். ஒருநாள் இடைவேளையில் பூட்டுக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். இருபத்தைந்து வயதுக்கு மேல் காது போனவர் அவர். பேச்சு நன்றாக வரும், குரல் மட்டும் எப்போதும் சந்தையில் நிற்கிற மாதிரி.

"நீ பாதியத்தாம்மா போடுறே. மிச்சத்த யார் போடுவா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எக்ஸ்பிரஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த வார விடுமுறை முழுவதும் ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாள். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது மெய்யெழுத்தின் புள்ளி. இத்தனை வேலை செய்கிற புள்ளியை அலுவலகக் கீபோர்டில் நோஞ்சான் சுண்டுவிரலின் தலையில் கட்டியிருந்தார்கள். தடித்தடியாக இரண்டு கட்டைவிரல்கள், சொற்களுக்கு நடுவே இடம் விடுவதற்கென்று ஒரே ஒரு நீளக் கட்டையைக் காவல் காத்துக்கொண்டு சும்மா கிடந்தன. அவளுக்கு அநியாயமாகப் பட்டது. எந்த அலுவலகத்தைப் பார்த்தாலும் இதே கதைதான் என்றும் பட்டது.

அவள் கணவர் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ரம்பத்தை எடுத்து அந்த நீளக் கட்டையை இரண்டாக அறுத்துக் கொடுத்தார். வலது துண்டு புள்ளிக்கு, இடது துண்டு இடைவெளிக்கு. பிறகு க, த, ப, ம எல்லாம் வலுவான விரல்களுக்குக் குடிமாறின. ஔகாரத்தை எங்கோ மூலையில் தள்ளினாள். அதன் பிறகு அதைத் தேடி யாரும் வரவில்லை. எழுத்துகள் இடம் மாறிய பிறகு பொத்தான் மேல் அச்சடித்திருந்ததெல்லாம் பச்சைப் பொய்யாகிவிட்டதால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெறிந்தாள். மவுஸை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். ஆமை அண்ணன் ஒருநாள் தெரியாத்தனமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வரி அடித்ததில், குடிநீர்க் குழாய் பற்றிய பேச்சு எந்த மொழியிலும் சேராத ஒன்றாகத் திரையில் ஓடியது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு ஆழமாகத் தலையாட்டினார்.

அடுத்து சுருக்கக் குறிகள். பழைய தையல் மெஷின் பெடல் ஒன்றைக் கணவர் கம்பியோடு கொண்டுவந்து மேஜைக்கடியில் பொருத்தினார். 'உ' என்று ஒரு எழுத்தைத் தட்டி இடது காலை அழுத்தினால், 'உறுப்பினர்களின் கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முழு வாக்கியமும் வந்து குதிக்கும். 'ஒ' தட்டினால், 'இத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்படுகிறது.' இப்படி நானூற்றுச் சொச்சம் குறிகள் சேர்ந்தன. தலைவருக்கு மட்டும் அறுபது போதுமாக இருந்தது. இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் அறுபது வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தி வந்தார்.

வேகம் கூடக்கூட அவளுக்கும் பேச்சுக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்தது. ஒருநாள் தூரமே இல்லாமல் போனது. அப்புறம் அவள் முந்திக்கொண்டாள். தலைவர் 'உறுப்...' என்று உதட்டைக் குவிக்கும்போதே கால் பெடலை அழுத்திவிடும். வாக்கியம் திரையில் நிற்கும், தலைவர் பின்னால் வந்து சேர்வார். இரண்டு நொடி முன்னால். இதைத் தன் வாழ்நாள் சாதனை என்று அவள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மனிதர்கள் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள்.

வீட்டிலும் அந்தக் கைப்பழக்கம் சும்மா இருக்கவில்லை, வாய்க்கு ஏறிவிட்டது. கணவர் "நாளைக்குக் கடைக்கு..." என்று தொடங்கினால் "சீக்கிரம் போகணும், சாப்பாடு கட்டிடவா" என்று முடித்துவிடுவாள்.

"நாளைக்குக் கடைக்கு லீவு விடலாம்னு சொல்ல வந்தேன்."

"நீங்க லீவு விட்டு நான் பார்த்ததே இல்லையே."

"அதுக்காக?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே போனார்.

ஒரு கூட்டத்தில் தலைவருக்குப் பேச்சின் நடுவே இருமல் வந்தது. இருமி முடித்தபோது என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்து திருதிருவென்று விழித்தார். கண் மேஜைத் திரையில் விழுந்தது. அங்கே அவர் வாக்கியம் முழுசாக, முற்றுப்புள்ளியோடு உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே படித்தார். கைதட்டல் வந்தது. அன்றிலிருந்து அவர் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பெல்லாம் தட்டுத் தடுமாறியவர் இப்போது தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறார் என்று ஊரில் பேச்சு. எக்ஸ்பிரஸுக்கு உச்சி குளிர்ந்தது.

குளிர்ந்த உச்சியில் இடி இறங்க ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேட்பதைத் தானாகவே எழுத்தாக்கும் இயந்திரம் ஒன்று வாங்கப்போவதாகவும், அடுத்த கூட்டத்தில் சோதனை என்றும், சரியாக இருந்தால் பிரிவைக் கலைத்துவிடுவதாகவும் சுற்றறிக்கை வந்தது. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். மக்கள் இப்போதெல்லாம் பழுதானதைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குவதால் கணவரின் கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது. அதைவிடவும் ஒன்று. இந்தக் கீபோர்டில் பழகிய கை வேறு எந்தக் கீபோர்டிலும் ஓடாது. வெளியே எங்கே போய் வேலை கேட்டாலும் முதல் தட்டச்சுத் தேர்விலேயே அவள் மண்ணைக் கவ்வுவாள். வேகமாக இருக்கிறேன், வேகமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு மேஜைக்குத் தன்னை ஆணியடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று ஆமை அண்ணனிடம் கேட்டாள்.

"பிறப்புப் பதிவுக் கவுன்டர்ல ஒரு இடம் காலியாம். அங்க போயிடுவேன். யாரும் அவசரமாப் பிறக்க மாட்டாங்க."

பிரிவு வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அதைப் பயன்படுத்துகிறவர்தானே? அவள் ஒரு கடிதத்தை அழகாகத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு பூட்டுக்காரரின் கடைக்குப் போனாள். ஒரு கதவு அகலக் கடை. சுவர் முழுவதும் சாவிக் கொத்துகள், மேஜையில் சாவி அறுக்கும் இயந்திரம். அவர் அதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பேனா எடுப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட முடியாதும்மா."

அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர் என்பதால் அவள் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். "ஏங்கய்யா? உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்?"

"முதல்ல பண்ணினே. இப்ப நீ போடுறது அவங்க பேசுறது இல்ல. உதடு அசையறதுக்கு முன்னாடி திரையில எழுத்து வந்துடுது. கேக்கறவங்களுக்கு அது தெரியாது. எனக்கு உதடு, எழுத்து ரெண்டும் கண்ணுதானே."

"அவரு எப்பவும் அதையேதான் சொல்றாரு. நான் ரெண்டு நொடி முந்திப் போட்டா என்ன?"

"போன கூட்டத்துல குப்பைக் கிடங்கு விஷயம் வந்துச்சுல்ல. மூணாவது வரிசையில கண்ணாடி போட்ட மெம்பர் அம்மா எந்திரிச்சு, 'எனக்குச் சம்மதமில்லை'ன்னாங்க. உதட்டுல படிச்சேன். ஆனா திரையில 'ஒருமனதாக'ன்னு ஏற்கெனவே நின்னுது. தலைவர் குனிஞ்சு அதைப் படிச்சாரு. அந்தம்மா உக்காந்துட்டாங்க. அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

அவளுக்கு அந்தக் காட்சி நினைவிருந்தது. யாரோ எழுந்தார்கள், நாற்காலி கிறீச்சிட்டது. அதற்குள் கால் அழுத்திவிட்டது. அழித்துவிட்டுத் திருத்தலாம் என்று நினைப்பதற்குள் தலைவர் படித்தே விட்டார். படித்த பிறகு அது சரியாகத்தானே போயிற்று என்று விட்டுவிட்டாள்.

"எப்பவும் சொல்றதத் தெரிஞ்சுக்க நான் எதுக்கும்மா கடையச் சாத்திட்டு அங்க வந்து உக்காரணும்? இங்கேயே உக்காந்து நானே நினைச்சுக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டு அவர் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார். சாவியிலிருந்து தூள் பறந்தது. வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனாள் எக்ஸ்பிரஸ். நன்றி கெட்ட மனுஷன், காதுதான் இல்லை, மனசுமா இல்லை என்றெல்லாம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது. இனிமேல் காதில் விழுந்த பிறகுதான் கால் அசைய வேண்டும் என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டாள். பிரிவு பிழைத்தால் அல்லவா, இனிமேல் என்று ஒன்று.

சோதனை நாள் வந்தது. சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மைக் வயர்களோடு இணைத்தார்கள். எக்ஸ்பிரஸும் ஆமை அண்ணனும் கண்ணாடி அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், வழக்கம்போல் மேஜைத் திரையைப் பார்த்தார்.

திரை காலியாக இருந்தது.

தலைவர் திரைக்காகக் காத்திருந்தார். இயந்திரம் தலைவருக்காகக் காத்திருந்தது. கடைசியில் தலைவர்தான் விட்டுக்கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த... வந்து... இந்த..."

'எல்லாருக்கும் வணக்கம் இந்த வந்து இந்த' என்று திரை எழுதியது. அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவர் அதைப் படித்தார். "இந்த" என்றார். 'இந்த' என்றது திரை. "வந்து" என்றார். 'வந்து' என்றது. முகத்தில் வேர்வை வழிந்தது. "என்னய்யா இது" என்று செயலாளரிடம் கிசுகிசுத்தார். அதையும் அது பெரிய சுவரில், அவர் தலைக்கு மேலே, கொட்டை எழுத்தில் எழுதியது.

பார்வையாளர் வரிசையில் பூட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கூட்டம் முழுவதும் முன்னால் சாய்ந்து, பசித்தவர் சாப்பிடுவதுபோல் திரையைப் படித்தார். எக்ஸ்பிரஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அடித்த எதையும் அவர் அப்படிப் படித்ததாக அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் தலைவரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"அது என்னம்மா மெஷின்" என்றார் தலைவர். "நான் சொல்றதையே எனக்குத் திருப்பிச் சொல்லுது. உன்னுது அப்படி இல்லையே. உன்னுது மனசு தெரிஞ்சு நடந்துக்கும்."

இயந்திரத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று, திருப்ப முடியாது என்றார் செயலாளர். அவரே வழியும் சொன்னார். சுவர்த் திரை இயந்திரத்துக்கு, மேஜைத் திரை எக்ஸ்பிரஸுக்கு. இயந்திரம் தலைவர் பேசுவதைப் பொதுமக்களுக்குக் காட்டும். எக்ஸ்பிரஸ், தலைவர் பேச வேண்டியதைத் தலைவருக்குக் காட்டுவாள். பதவியின் பெயர், உரை ஒருங்கிணைப்பாளர்.

"உனக்குச் சம்மதம்தானே?" என்றார் தலைவர். வாழ்க்கையில் யாரிடமும் திரையைப் பார்க்காமல் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடையில் ஈயோட்டும் கணவர் கண்ணுக்கு முன்னால் வந்தார். வேறெங்கும் ஓடாத தன் பத்து விரல்களும் வந்தன. "சம்மதம் சார்" என்றாள். வெளியே வந்ததும் எல்லாரும் கைகொடுத்தார்கள். ஆமை அண்ணன் பிளாஸ்டிக் உறை கலையாத கீபோர்டை ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறப்புப் பதிவுக்கு நிம்மதியாக நடந்து போனார்.

புதுப் பதவியின் முதல் கூட்டத்தன்று ஸ்டோர்க்காரர் வந்து, மண்டபப் பேச்சைக் கேட்க இத்தனை நாள் அவள் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கேட்டார். கேட்கிற வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டதால் இது இனி அவள் கணக்கில் வராதாம். கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி அறைக்குள் ஒரு சத்தமும் நுழையவில்லை. வெளியே வாய்கள் திறந்து மூடின. அவளுக்கு உதடு படிக்கத் தெரியாது. நிகழ்ச்சி நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைவர் நிமிர்ந்தால் ஒரு குறி, குனிந்தால் அடுத்த குறி என்று அழுத்திக்கொண்டு போனாள்.

குப்பைக் கிடங்கு விஷயம், இந்த முறை பண ஒதுக்கீட்டுக்காக, மறுபடி வந்தது. மூன்றாவது வரிசையில் அந்தம்மா எழுந்தார். நீளமாகப் பேசினார். ஒரு கையால் மேஜையைக்கூடத் தட்டினார். என்ன சொல்கிறார் என்று சுவர்த் திரையைப் பார்க்கலாம் என்றால், அது கண்ணாடி அறையை ஒட்டிய அதே சுவரில் இருந்ததால் கண்ணில் படவில்லை. அந்தம்மா உட்கார்ந்ததும் தலைவர் கீழே பார்த்தார். காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார். தலைவரின் காதோரம் சிவப்பதை எக்ஸ்பிரஸ் பார்த்தாள். நிரலில் அடுத்த வரி 'தீர்மானம்' என்றிருந்தது. அவள் 'ஒ' தட்டி இடது காலை அழுத்தினாள். தலைவர் முகம் மலர்ந்தது, உதடுகள் அசைந்தன.

கூட்டம் முடிந்து அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பூட்டுக்காரர் படிக்கட்டில் நின்றிருந்தார். அவளுக்காகத்தான். கையில் ஒரு சின்ன நோட்டு.

"கோவமாம்மா என் மேல?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்." பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற குரலில்தான் சொன்னார். "நீதான் முந்திக்கிட்டு 'ஒருமனதாக'ன்னு போட்டு அந்தாளு வாயில திணிச்சிட்டேன்னு நினைச்சேன். கடையில வெச்சு என்னென்னமோ பேசிட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மெஷின் ஒண்ணு விடாமப் போட்டுச்சும்மா. அந்தம்மா வேண்டாம் வேண்டாம்னு பத்துக் காரணம் சொன்னாங்க. எழுதிக்கூட வெச்சிருக்கேன், பாரு. அவ்வளவையும் கேட்டுட்டு அந்தாளு, கொஞ்சம் யோசிச்சு, அவரா சொல்றாரு, 'ஒருமனதாக'ன்னு. உதடும் எழுத்தும் ஒண்ணா வந்துச்சு. அவரு மேஜைத் திரையிலயும் இப்ப மெஷின் எழுத்துதானே. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அவரு நிஜமாவே அப்படிப்பட்ட ஆளுதான். நீ பாவம், முதல்லேருந்து சரியாத்தான் போட்டிருக்கே."

இல்லைங்கய்யா என்று எக்ஸ்பிரஸ் தொடங்க வேண்டும். இரண்டே வாக்கியம் போதும். அவர் பதிலுக்காக அவள் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெருந்தன்மையான பெண் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கக் கிளம்பினார்.